எஞ்சின் நின்றால் டேங்க்கைப் பாருங்கள்

கடலில் அவுட்போர்டு எஞ்சின் நின்றுவிட்டால் முதலில் கழற்றப்படுவது பிளக். அதைத் துடைத்து மாட்டிக் கயிற்றை இழுப்பார்கள். எடுக்கவில்லையென்றால் பழி கார்புரேட்டர் மேல் விழும். ஆடுகிற படகில் குனிந்து, உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, கை தவறினால் கடலுக்குள் போய்விடும் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டுவார்கள். அப்படியும் எடுக்காது. கடைசியில் யாரோ ஒருவர் டேங்க் மூடியைத் திறப்பார். உஸ் என்று காற்று உள்ளே போகும். அடுத்த இழுப்பில் எஞ்சின் ஓடும். மூடியின் மேலிருக்கும் காற்றுத் திருகைக் காலையில் திறக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடற்கரை ஊர்களில் இந்தக் கதை பலருக்கும் பழக்கம். அதற்குள் இருக்கும் இயற்பியல்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை என்றால் கோளாறு எஞ்சினுக்குள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை போகும் இரண்டு மூன்று மீட்டர் ரப்பர் குழாயிலும் அதன் இணைப்புகளிலும்தான் பாதி வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக் எஞ்சின் மூடியைத் தொடுவதற்கு முன் டேங்க்கைப் பார்ப்பது அதனால்தான்.

தொடக்கத்தில் இந்தக் குழாயே கிடையாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு எஞ்சினின் திறன் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. அதன் டேங்க் எஞ்சினோடு ஒட்டியே மேலே இருந்தது. பெட்ரோல் தன் எடையால் தானாக இறங்கிக் கார்புரேட்டருக்கு வந்தது. எஞ்சின்கள் பெரிதாகப் பெரிதாக அந்தச் சின்ன டேங்க் போதவில்லை. ஜான்சன் நிறுவனம் 1949-ல் தன் 10 குதிரைத்திறன் எஞ்சினோடு, படகின் தரையில் வைக்கும் தனி டேங்க்கைத் தந்தது. கீழே இருக்கும் பெட்ரோல் மேலே ஏற வேண்டுமே? எஞ்சினிலிருந்து டேங்க்குக்கு இரட்டைக் குழாய் போட்டார்கள். ஒன்றின் வழியாக எஞ்சின் டேங்க்குக்குள் காற்றை அழுத்தியது. அந்த அழுத்தத்தில் இன்னொன்றின் வழியாகப் பெட்ரோல் மேலே வந்தது. பெட்ரோல் நிறைந்த டேங்க்கை அழுத்தத்தில் வைத்துக்கொண்டு கடலில் போவது அவ்வளவு நிம்மதியான ஏற்பாடல்ல. பின்னால் எஞ்சினிலேயே ஒரு சிறு பம்பு வந்ததும் குழாய் ஒற்றையானது. இன்றைக்கும் சிறிய, நடுத்தர எஞ்சின்களில் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

இந்தப் பம்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. பம்பு எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது என்று நினைக்கிறோம். எந்தப் பம்பாலும் திரவத்தை இழுக்க முடியாது. தன் அறைக்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது மட்டுமே அதன் வேலை. டேங்க்குக்குள் எண்ணெயின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு, எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. காற்றுத் திருகு மூடியிருந்தால் தள்ளுவதற்குக் காற்று வராது. எண்ணெய் வெளியேற வெளியேற டேங்க்குக்குள் அழுத்தம் குறைகிறது. பம்பின் பக்கமும் டேங்க்கின் பக்கமும் அழுத்தம் நெருங்கி வந்ததும் ஓட்டம் நின்றுபோகிறது. டேங்க் நிரம்பியிருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, எஞ்சின் சீக்கிரம் நிற்கும். பாதி காலியாக இருந்தால் கரை கண்ணுக்கு மறையும் வரைகூட ஓடிவிட்டுப் பிறகு நிற்கும். இந்தத் தாமதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. கிளம்பும்போது செய்த தவறுக்கும் நடுக்கடலில் நிற்கும் எஞ்சினுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

பம்பு குறைக்கும் அழுத்தம் எவ்வளவு? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு ஒரு மெல்லிய டயாபிரத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் நொடிக்கு 80 முறைக்கு மேல் அது துடிக்கும். இருபுறமும் ஒருவழி வால்வுகள். அவ்வளவுதான் பம்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கேம் தண்டு அதே வேலையைச் செய்கிறது. பெட்ரோலை ஒரு மீட்டர் உயரம் தூக்க சுமார் 7 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாடு வேண்டும். மெக்கானிக்குகளின் மானியில் அது ஏறத்தாழ 2 அங்குலப் பாதரசம். முழு வேகத்தில் ஓடும்போது பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் இந்த அளவு 4 அங்குலத்தைத் தாண்டினால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. அதாவது பம்பின் கையிருப்பே கொஞ்சம்தான். மடங்கிய குழாய், பாதி அடைத்த சல்லடை, துருப்பிடித்த இணைப்பு என்று ஒவ்வொன்றும் அந்தக் கையிருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

அடைப்பைவிடத் தந்திரமான எதிரி காற்றுக் கசிவு. இளநீரில் போட்ட உறிஞ்சு குழாயில் ஊசித்துளை விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுத்தான் வரும். பெட்ரோலைவிடக் காற்று பல மடங்கு இலகுவாக நகரும் என்பதால் பம்பும் அதையேதான் முதலில் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கசிவு வெளியே சொட்டாது. ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருப்பதால் எண்ணெய் வெளியேறாமல் காற்று உள்ளே போகிறது. ஆகவே இணைப்புகள் எல்லாம் உலர்ந்து, சுத்தமாக, குற்றமற்ற முகத்தோடு இருக்கும். டேங்க் முனையிலும் எஞ்சின் முனையிலும் உள்ள கிளிப்புகளுக்குள் இருக்கும் சிறு ரப்பர் ஓரிங்குகள்தான் இதில் வழக்கமான குற்றவாளிகள். வெயிலும் பெட்ரோலும் மாறி மாறிப் பட்டு அவை சுருங்கி, விறைத்து, வெடித்துவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விசித்திரமான கோளாறும் உண்டு. டேங்க் நிறைந்திருக்கும் வரை எஞ்சின் அருமையாக ஓடும். பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறும். மறுபடி நிரப்பினால் சரியாகிவிடும். இதைப் பார்த்து எஞ்சினைப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னால்கூட மன்னிக்கலாம். காரணம் டேங்க்குக்குள் இறங்கும் குழாயின் நடுவில் விழுந்த விரிசல். எண்ணெய் அதற்கு மேலே இருக்கும் வரை விரிசல் வழியாகவும் எண்ணெயே வரும். மட்டம் விரிசலுக்குக் கீழே போனதும் காற்று வரத் தொடங்கும்.

இவ்வளவு கோளாறுகளையும் பிரித்துக் காட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. குழாயின் நடுவே இருக்கும் கைப் பம்பு, மீனவர்கள் பல்பு என்று சொல்லும் அந்த ரப்பர் உருண்டை, போதும். எஞ்சினை எடுப்பதற்கு முன் நாலைந்து முறை அமுக்கிவிட்டு மறந்துவிடும் பொருளாகத்தான் பலர் அதைப் பார்க்கிறார்கள். உண்மையில் படகிலிருக்கும் ஒரே அழுத்தமானி அதுதான். உள்ளே இரண்டு முனையிலும் ஒருவழி வால்வுகள் உண்டு. மேலே பொறித்திருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். அமுக்கும்போது அம்பு வானத்தைப் பார்க்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடிப்பது நல்லது. பல வால்வுகள் தம் எடையாலும் மூடிக்கொள்பவை, படுக்கப் போட்டு அமுக்கினால் சரியாக வேலை செய்யாது.

எஞ்சினை எடுக்கும் முன் அமுக்கினால் சில அமுக்கலில் பல்பு கல்லாக இறுக வேண்டும். கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பி, மிதவை மேலே வந்து, ஊசி வால்வு வாசலை அடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அமுக்கிக்கொண்டே இருந்தும் இறுகவில்லையென்றால் மூன்று சாத்தியங்கள். டேங்க் பக்கமிருந்து எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று வருகிறது. அல்லது பல்பின் வால்வு செத்துவிட்டது, அமுக்கிய எண்ணெய் டேங்க்குக்கே திரும்புகிறது. அல்லது ஊசி வால்வு மூடாமல் கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். எஞ்சினைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலமும் தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சோதிப்பதுதான் இன்னும் சுவையானது. வேகம் குறைந்து எஞ்சின் சோரும்போது உடனே கை வைக்காமல் முதலில் பல்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒட்டிச் சப்பிப் போயிருந்தால் பம்பு நன்றாகவே வேலை செய்கிறது, அதற்கு எண்ணெய்தான் வரவில்லை. அடைப்பு பல்புக்கும் டேங்க்குக்கும் நடுவே இருக்கிறது: காற்றுத் திருகு, டேங்க்குக்குள் இருக்கும் சல்லடை, எதன் அடியிலோ நசுங்கிய குழாய். பல்பு சப்பவில்லை, கொஞ்சம் மெத்தென்று மட்டும் இருக்கிறது என்றால் பதற வேண்டாம், ஓடும் எஞ்சினில் அது அப்படித்தான் இருக்கும். அப்போது அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியதும் எஞ்சின் உயிர்பெற்று ஓடினால், பம்பு தூக்க முடியாததை நம் கை தூக்கிக் கொடுக்கிறது. ஒன்று டயாபிரம் விறைத்திருக்க வேண்டும் அல்லது கிழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் காற்றுக் கசிகிறது. பல்பு இறுகியே இருக்கிறது, அமுக்கியும் எஞ்சின் மசியவில்லை என்றால் கோளாறு பல்பைத் தாண்டி எஞ்சின் பக்கம்: ஃபில்டர், ஊசி வால்வு, ஜெட்.

பம்பா, காற்றுக் கசிவா என்ற கேள்விக்கும் வழியுண்டு. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, பெட்ரோலைத் தாங்கும் கண்ணாடி போன்ற குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். ஆரம்பத்தில் இரண்டொரு குமிழி வரும், அது சகஜம். ஓடும்போது தொடர்ந்து சரம் சரமாக வந்தால் கசிவுதான். அந்தத் துண்டும் கையில் இல்லையென்றால் பக்கத்துப் படகின் டேங்க்கை அதன் குழாயோடு சேர்த்து வாங்கி மாட்டிப் பார்க்கலாம். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் எஞ்சின் நிரபராதி. மருத்துவர்கள், மின்வாரிய லைன்மேன்கள், கணினிப் பொறியாளர்கள் எல்லோரும் கையாளும் பாதியாகப் பிரிக்கும் முறைதான் இது. எதைக் கழற்றுவதற்கும் முன் சந்தேகத்தை இரண்டாக வெட்டிவிட வேண்டும்.

பல்பைத் தொடுவதற்கும் முன்னால் காது ஒரு வேலையைச் செய்துவிடும். மின்பொறிக் கோளாறில் எஞ்சின் சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நிற்கும். எண்ணெய்க் கோளாறில் அப்படி நிற்காது. சத்தம் தாழும், ஏறும், மறுபடி தாழும். டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் கார்புரேட்டர் வாய் வழியாகத் தும்மும். உடனே நிற்காததற்குக் கணக்கு இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் கிலோ பெட்ரோல் குடிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் இன்னும் அதிகம். 10 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு நாலு லிட்டருக்கு மேல் கேட்கும் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 மில்லி. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதோ சில பத்து மில்லி. குழாயில் ஓட்டம் நின்றாலும் அந்தக் கிண்ணம் தீரும் வரை எஞ்சின் ஓடும். நன்றாக எடுத்து, அரை நிமிடம் சீறிப் பாய்ந்து, பிறகு சோர்ந்து நிற்கும் எஞ்சின் கிண்ணத்தில் இருந்ததை மட்டும் குடித்துவிட்டு நின்றிருக்கிறது.

கரையில் மெக்கானிக்கிடம் காட்டும்போது கோளாறு மறைந்துவிடுவதற்கும் இதே கணக்குதான் காரணம். தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சும்மா ஓட்டும் எஞ்சினுக்கு முழு வேகத்தில் கேட்பதில் சிறு பங்கு எண்ணெய் போதும். முக்கால்வாசி அடைத்த குழாயே அதைக் கொடுத்துவிடும். நல்லாத்தான் ஓடுது என்று அவர் சொல்வது பொய்யில்லை. மறுநாள் கடலில் நிற்பதும் பொய்யில்லை. எண்ணெய்க் கோளாறைப் பாரத்தோடு, தண்ணீரில், வேகமெடுத்து ஓட்டித்தான் சோதிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகே கார்புரேட்டர். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே வந்து கலக்கிறது. சிறிய எஞ்சின்களில் பெரிய ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மெதுவாக ஓடும்போது பயன்படும் சின்ன ஜெட் அதில் பாதி. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் முதலில் அந்தச் சின்னத் துளையைத்தான் அடைக்கிறது. சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடி) போட்டால்தான் ஓடும், விட்டால் நிற்கும் என்ற எஞ்சினில் பெரும்பாலும் இதுவே கோளாறு. வேகத்தில் திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. இழுத்ததும் சீரானால் எஞ்சின் எண்ணெய்க்கு ஏங்குகிறது. இன்னும் மோசமானால் ஏற்கெனவே அதிகமாகக் குடிக்கிறது. நீண்ட நாள் கரையில் கிடந்துவிட்டு முதல் நாள் கடலுக்குப் போகும் படகுகளில் சின்ன ஜெட் அடைத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

கன்னியாகுமரி கடற்கரையிலும் இலங்கையின் வடக்குக் கடற்கரையிலும் கதைக்கு இன்னொரு பாத்திரம் உண்டு: மண்ணெண்ணெய். அங்கே ஃபைபர் வள்ளங்களில் ஓடும் எஞ்சின்களில் பல மண்ணெண்ணெய்க்கென்றே குறைந்த அமுக்க விகிதத்தில் செய்யப்பட்டவை. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகாது. இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி அதன் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. பெட்ரோலுக்கு அது மைனஸ் 40-ஐ ஒட்டி வரும். அதனால் குளிர்ந்த எஞ்சினைப் பெட்ரோலில் எடுத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் கார்புரேட்டர் கிண்ணம் மண்ணெண்ணெயோடு குளிர்ந்துவிடும். மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றாலும் எஞ்சின் எடுக்காது. எண்ணெய் வராததல்ல அங்கே பிரச்சினை, வந்திருப்பது வேறு எண்ணெய்.

இரட்டை எண்ணெய் என்றால் இரட்டை டேங்க், இரட்டைக் குழாய், நடுவே ஒரு மாற்று வால்வு. இணைப்புகள் கூடக் கூடக் காற்று நுழையும் வாசல்களும் கூடும். பெட்ரோலில் நன்றாக ஓடி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் சோர்கிறதென்றால் எஞ்சின் பக்கம் சந்தேகப்படுவதற்கு முன் அந்த ஒரு கிளையை மட்டும் பார்த்தால் போதும். நல்லவேளையாக, இரண்டு எண்ணெய் இருப்பதே இங்கே ஒரு சோதனைக் கருவியாகிவிடுகிறது.

பீப்பாயிலும் கேனிலும் வாங்கி வைக்கும் மண்ணெண்ணெயோடு தண்ணீரும் துருவும் மண்ணும் சேர்ந்தே வருகின்றன. இலங்கையில் 2022 ஆகஸ்டில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. சிறுபடகு மீனவர்கள் பலர் தொழிலுக்குப் போவதே கேள்விக்குறியானது. அந்த விலைக்கு வாங்கியவருக்குப் பீப்பாயின் அடிமண்டியைக் கொட்ட மனம் வருமா? அதுவும் டேங்க்குக்குத்தான் போகும். வடிதுணியும் புனலில் மெல்லிய சல்லடையும் சில லிட்டரைக் காப்பாற்றாவிட்டாலும் ஒரு நாள் தொழிலைக் காப்பாற்றும்.

அடியில் தங்கிய தண்ணீரின் குணம் இன்னும் கெட்டது. அமைதியான துறைக்குள் அது டேங்க்கின் மூலையில் பேசாமல் கிடக்கும். முகத்துவாரத்தில் அலை படகைத் தூக்கிப் போடும்போது கலங்கி உறிஞ்சு குழாயின் வாய்க்கு வரும். எஞ்சின் வேண்டவே வேண்டும் என்ற இடத்தில் நிற்கும். குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனது மீண்டும் மீண்டும் செய்தியாகியிருக்கிறது. அங்கே மணல் மேடும் அலையும் சொல்லப்படும் காரணங்கள், எஞ்சின் அல்ல. ஆனால் அப்படியொரு வாயிலைக் கடக்கும் படகுக்குப் பத்து நொடி எஞ்சின் திணறலைத் தாங்கும் அவகாசம் கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கிளம்புமுன் ஃபில்டர் கிண்ணத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் தனியாக உருண்டு நிற்பது தெரியும். தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றைக் குழாயில் பொருத்திக்கொள்வது அதைவிட நல்லது.

இப்போது எத்தனால். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று பரவலாகிவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் மைலேஜைப் பற்றிப் பேசுகிறார்கள். படகுக்காரரின் கவலை வேறு. எத்தனால் ஈரத்தைத் தேடிக் குடிக்கும் பொருள், கடலில் ஈரத்துக்கா பஞ்சம்? 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தன் கொள்ளளவில் ஏறக்குறைய அரை சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 லிட்டர் டேங்க்கில் அது சின்ன டம்ளர் அளவு, 125 மில்லி. அந்த எல்லையைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். எஞ்சினுக்குப் போவது பெட்ரோலல்ல, சாராயத் தண்ணீர். 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரைத் தாங்கும், ஆனால் பிரியும்போது அடியில் இறங்கும் அடுக்கும் அதற்கேற்பப் பெரிது.

எத்தனால் கரைப்பானும்கூட. பழைய டேங்க்கில் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் குழாய்க்குள் அனுப்பும். பழைய ரப்பரை ஊறவைத்துக் குழைக்கும். அமெரிக்காவில் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் 2004 தொடக்கத்தில் எம்டிபிஇ என்ற பழைய கலவைப் பொருளைத் தடை செய்ததும் அங்கே எத்தனால் பெட்ரோல் வந்தது. அதுவரை பல ஆண்டு உழைத்த படகுகளின் கண்ணாடி இழை டேங்க்குகளிலிருந்து பிசின் கரைந்து, எஞ்சின் வால்வுகளில் கறுப்புக் களிம்பாகப் படிந்தது. பின்னர் சில ரப்பர் குழாய்களின் உள்ளுறை பிய்ந்து, குழாய்க்குள்ளேயே மடிந்து வழியடைத்த சம்பவங்களும் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புத்தம் புதிதாகத்தான் இருந்தது.

கார்புரேட்டருக்கு மூன்றாவதாக ஒரு சங்கடம். 20 சதவீதக் கலவைக்குத் தேவையான காற்று விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. காரில் சென்சார் இருப்பதால் கணினி தானாகச் சரிசெய்துகொள்ளும். ஜெட்டின் துளைக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோலுக்கென்று துளைத்த துளை அதே அளவு எண்ணெயைத்தான் விடும், எஞ்சின் ஏறக்குறைய 8 சதவீதம் பட்டினியில் ஓடும். எண்ணெய் குறைந்த கலவை சூடாக எரியும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு உயவு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருவதால் பெட்ரோல் குறைந்தால் உயவும் குறைகிறது. கொஞ்சம் மந்தமாகத்தானே ஓடுகிறது என்று பல்பை அமுக்கி அமுக்கிக் கரை சேர்ப்பவர்கள், அந்த நேரமெல்லாம் பிஸ்டனைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை உணர்வதில்லை. அவசரத்துக்கு அது சரி. அதையே வாரக்கணக்கில் வழக்கமாக்குவது சில நூறு ரூபாய் ரப்பரை மிச்சம் பிடித்து எஞ்சினை இழக்கும் வேலை.

புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர். சிறு பம்பு தூக்கிக் கொடுத்த பெட்ரோல் ஆவி பிரிக்கும் சிறு தொட்டியில் தங்கி, அங்கிருந்து மின் பம்பால் இரண்டரை, மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. அந்தத் தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ஃபில்டரைப் பலர் எஞ்சினின் ஆயுளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அந்தத் தொட்டியைத் தாண்டிய பகுதியைச் சோதிக்கக் கணினியும் மானியும் வேண்டும். ஆனால் தொட்டிக்கு முன்னால் உள்ள குழாய், பல்பு, டேங்க் மூன்றும் பழையவைதான், பல்புச் சோதனைகளில் பெரும்பாலானவை அங்கும் செல்லும்.

சோதனை செய்பவர் பெட்ரோலோடு விளையாடுகிறார் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, படகின் அடியில் பாய்போல் படுத்திருக்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்து மின்பொறி பார்ப்பது, பல்பை அமுக்கி எண்ணெய் வழிய விட்ட பிறகு செய்யக்கூடிய வேலையல்ல. பீடி பற்றிச் சொல்லவே வேண்டாம். கையில் தூக்கும் டேங்க்கைப் படகில் வைத்து நிரப்பாமல் கரையில் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.

படகில் ஒரு கூடுதல் குழாய் பல்போடு, இரண்டு ஜோடி ஓரிங், ஒரு ஃபில்டர், கண்ணாடி போன்ற அந்தக் குழாய்த் துண்டு ஒன்று, இவை இருந்தால் மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கடலிலேயே தீர்த்துவிடலாம். தனியாள் செய்ய முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது. முன்னணி அவுட்போர்டு நிறுவனங்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனாலை உச்ச வரம்பாகச் சொல்கின்றன. மீனவர் ஊர் பங்க்கில் கேனில் வாங்கி வருவது 20 சதவீதம். தமிழ்நாட்டு மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுகளுக்கென்று டீசல் பங்க்குகள் இருக்கின்றன. அங்கேயே எத்தனால் கலக்காத, அல்லது 10 சதவீதத்துக்கு மேல் போகாத பெட்ரோலுக்கும் ஒரு குழாய் வைக்க மீன்வளத் துறையும் எண்ணெய் நிறுவனங்களும் முன்வர வேண்டும்.